மண்ணுக்குள்ளே முதல் பந்தி

காலை ஆறரை மணிக்குப் போன். "மாப்ள, உன் குப்பையில சத்தே இல்லயே. தக்காளி நாத்து பூரா மஞ்சக் குளிச்ச மாதிரி நிக்குது. வந்து பாரு." அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்கு: நான் எரு வியாபாரி. எங்கள் பக்கம் குப்பை என்றால் எரு, டவுன்காரர்கள் மூக்கைப் பொத்த வேண்டாம். சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு டிப்பர், ஒரு டிராக்டர். மேச்சேரிப் பக்கம் ஆட்டாம்புழுக்கை, நாமக்கல்லில் கோழி எரு, சுத்துப்பட்டில் மாட்டுக் குப்பை என்று வாங்கி, வாழப்பாடி பாக்குத் தோப்பிலிருந்து ஏற்காடு காபித் தோட்டம் வரை கொண்டுபோய்க் கொட்டுவது தொழில். படித்தது பி.எஸ்.சி. வேதியியல். அம்மா இன்னமும் கல்யாண வீடுகளில் "பையன் லாரி சர்வீஸ் வெச்சிருக்கான்" என்றுதான் சொல்வார்.

போன் செய்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஐந்து வருட வாடிக்கை. ரெண்டு ஏக்கர் செம்மண் காடு, கிணற்றுப் பாசனம், சொட்டுநீர். பேரன் யூடியூபில் காட்டிய வீடியோக்களைப் பார்த்து, யூரியாவைக் கையால் தொடமாட்டேன் என்று மூன்று வருடமாகச் சபதம். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கெட்ட பெயர் வந்தால் இந்தத் தொழிலில் அது வண்டியை விட வேகமாக ஊர் சுற்றும்.

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. நட்டு இருபது நாள் ஆன செடி, சாண் உயரம்கூட இல்லை. ஆனால் மஞ்சள் எங்கே என்று பார்க்க வேண்டும். அடி இலைகள்தான் மஞ்சள், நரம்போடு சேர்த்து. குருத்து வெளிறியிருந்தது, மஞ்சளாகவில்லை. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பஞ்சம் என்றால் அப்படித்தான். செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு ஊட்டும். இரும்போ கந்தகமோ குறைந்தால் குருத்துத்தான் முதலில் மஞ்சளாகும். ஆக, சத்து இல்லை என்று மாமா சொன்னதில் பாதி உண்மை.

ஒரு செடிக்குப் பக்கத்தில் கையை விட்டுத் தோண்டினேன். போன போகத்து மக்காச்சோளத் தட்டு, அதாவது காய்ந்த தண்டு, விரல் நீளத் துண்டுகளாக வந்துகொண்டே இருந்தது. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே நெட்டி இன்னும் வெள்ளையாக, பஞ்சு மாதிரி அமுங்கியது. மேல்தோலைச் சுற்றி சிலந்தி வலை போலப் பூஞ்சண இழை. மோந்தால் மழை பெய்த காட்டு வாசனை. மண் உயிரோடுதான் இருக்கிறது, உயிரோடு இருப்பதுதான் பிரச்சினையே.

"தட்ட என்ன மாமா பண்ணினீங்க?"

"அறுத்து ஏறக்கட்ட கூலி யாரு குடுக்கிறது? ரொட்டவேட்டர் விட்டு அப்படியே மடக்கி உழுதாச்சு. மக்கினா உரந்தான?"

"எத்தன நாள் விட்டு நட்டீங்க?"

"எங்க விட்டேன்? நாத்து வந்து எறங்கிருச்சு. நல்ல நாள் பாத்துக்கிட்டா இருக்க முடியும்? ஆறாம் நாள் நட்டாச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிய வைப்பதற்குத்தான் அரை மணி நேரம் ஆனது. வரப்பில் உட்கார்ந்து குச்சியால் கணக்குப் போட்டோம். அதை இங்கேயும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்த போன் எனக்கு வருடத்துக்கு நாலு தடவையாவது வருகிறது.

மண்ணில் இருக்கும் பாக்டீரியா, பூஞ்சணம் இவற்றின் உடம்பில், சுமாராக எட்டுப் பங்கு கரிக்கு (கார்பனுக்கு) ஒரு பங்கு நைட்ரஜன் இருக்கும். ஆனால் தின்கிற கரி எல்லாம் உடம்பில் ஒட்டாது. மூன்றில் ரெண்டு பங்கு மூச்சாக, கரியமில வாயுவாகப் போய்விடும். ஆக எட்டுப் பங்கு உடம்பில் சேர வேண்டுமானால் இருபத்துநாலு பங்கு தின்ன வேண்டும். 24 பங்கு கரிக்கு 1 பங்கு நைட்ரஜன் உள்ள தீனி கிடைத்தால் அதற்குச் சரியான சாப்பாடு. நைட்ரஜன் அதைவிட அதிகமாக இருந்தால் மிச்சத்தை அம்மோனியமாக மண்ணில் துப்பிவிடும், பயிர் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்? அது பட்டினி கிடக்காது. மண்ணில் ஏற்கெனவே கரைந்திருக்கிற நைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும்.

மக்காச்சோளத் தட்டில் அந்தக் கணக்கு அறுபதுக்கு ஒன்று வாக்கில் வரும். காய்ந்த தட்டு ஒரு டன் என்றால் கரி 420 கிலோ, நைட்ரஜன் வெறும் 7 கிலோ. 420-ஐ 24-ஆல் வகுத்தால் பதினேழரை. பத்தரை கிலோ துண்டு விழுகிறது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதம், ஆக அரை மூட்டை யூரியாவுக்குச் சமமான தழைச்சத்தை ஒரு டன் தட்டு மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும். ஏக்கருக்கு ரெண்டு டன் தட்டு மடக்கினால் ஒரு மூட்டை. தட்டு முழுதும் ஒரே மாதத்தில் மக்கிவிடாது, அதனால் இழுப்பும் ஒரேயடியாக அத்தனை இருக்காது. இருந்தாலும் இருபது நாள் நாற்றைப் பட்டினி போட அதில் பாதியே போதும்.

மாமா குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "இதெல்லாம் எனக்கு வேணாம், விசயத்தச் சொல்லு" என்றார்.

"மாமா, கல்யாணத்துல முதல் பந்தியில மாப்பிள்ள வீட்டுக்காரங்க உக்காந்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன்."

"தக்காளி நிக்குது."

அது பிடித்துவிட்டது அவருக்கு. மண்ணில் எப்போதும் முதல் பந்தி நுண்ணுயிர்களுக்குத்தான். வேர் அப்புறம். கோடிக்கணக்கான வாய்கள், ஒவ்வொன்றும் வேரைவிட மண்துகளுக்கு நெருக்கம். பந்தி முடிந்து தட்டு கரைந்து கரி தீர்ந்ததும் அவை ஒன்றையொன்று தின்று செத்து, பிடித்து வைத்திருந்த நைட்ரஜனை விடும். போனது எங்கும் போகவில்லை, கடனாகப் போயிருக்கிறது.

"வட்டியோட வருமா?"

"அசலே கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும் மாமா."

அப்புறம் என் எரு பக்கம் திரும்பினார். "சரி, தட்டுதான் திருடுச்சு. உன் ரெண்டு லோடு குப்பை என்ன பண்ணுச்சு?" நியாயமான கேள்வி. ரெண்டு லோடு சேர்த்து ஐந்து டன் இருக்கும், ஏக்கருக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு. மக்கிய தொழு எருவில் நைட்ரஜன் அரை சதம். ஐந்து டன்னுக்கு 25 கிலோ. அதில் முதல் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, ஏழு எட்டுக் கிலோ. சாம்பல் சத்து (பொட்டாசியம்) அப்படியில்லை, எழுபது சதம் முதல் பயிருக்கே வந்துவிடும். தழைச்சத்துதான் கஞ்சப் பிசினாறி. மிச்சம் அடுத்த போகம், அதற்கடுத்த போகம் என்று பென்ஷன் மாதிரி வரும். அதனால்தான் வருடா வருடம் எரு போடுகிற காட்டில், போடாத வருடமும் பயிர் பச்சையாக நிற்கும். ஒரே வருடம் போட்டுவிட்டு எருக்காரனைத் திட்டுவது, முதல் மாதமே சீட்டு விழவில்லை என்று சீட்டுக்காரரைத் திட்டுவது போல.

அவர் விடவில்லை. வீட்டிலிருந்து மண்வள அட்டையை எடுத்துவரச் சொல்லி, "தழைச்சத்து நடுத்தரம்னு கவர்மெண்டே போட்டுருக்கு பாரு" என்றார். அட்டையில் இருக்கும் தழைச்சத்துப் பரிசோதனை 1956-ல் சுப்பையா, அசிஜா என்ற ரெண்டு விஞ்ஞானிகள் வகுத்தது. காரப் பெர்மாங்கனேட்டில் மண்ணைக் கொதிக்கவைத்து எவ்வளவு அம்மோனியா வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. மட்கிலிருந்து, அதாவது மண்ணில் மக்கிக் கிடக்கும் இலை தழைச் சத்திலிருந்து, கறக்கக்கூடிய கையிருப்பு எவ்வளவு என்று அது ஒரு மதிப்பு காட்டும். இன்றைக்கு இலையில் பரிமாறியிருப்பது எவ்வளவு என்பதை அது சொல்லாது. எரு விஷயத்தில் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது என்று கேட்பவரை நான் இந்தப் பதினோரு வருடத்தில் ரெண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

நானும் அதைக் கேட்காமல் மாட்டியவன்தான். தொழில் தொடங்கிய புதிதில் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் கூண்டுக்குக் கீழே அள்ளிய ஈரக் குப்பையை, எடை போட்டு வாங்கினேன். முதல் பாடம்: பாதிக் காசு தண்ணிக்குக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, காலையில் தார்ப்பாயைத் தூக்கியபோது கண்ணில் சுளீரென்று அடித்தது. வெங்காயம் உரிப்பதெல்லாம் எந்த மூலைக்கு. கண்ணில் தண்ணீர் வடிய நின்றுகொண்டு, அடேயப்பா என்ன சத்தான எரு என்று சந்தோஷப்பட்டேன். கல்லூரியில் படித்தது அந்த நேரத்தில் உதவவில்லை. கோழி மூத்திரமும் எச்சமும் ஒன்றாகத்தான் விடும், அதில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். பாக்டீரியா அதை யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியா ஆக்கிவிடும். கண்ணைக் கரித்ததுதான் நான் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து, காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

மிச்சத்தை அம்மாவின் மிளகாய் நாற்றங்காலில் தாராளமாகப் போட்டேன். மூன்றாம் நாள் இலை ஓரம் கருகியது, ஐந்தாம் நாள் வெந்நீர் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி சர்வீஸ் என்று சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான் என்று நினைக்கிறேன்.

கோழி எருவில் நைட்ரஜன் மூன்று சதம் வரை. டன்னுக்கு 30 கிலோ, மாட்டுக் குப்பையைப் போல ஆறு மடங்கு. கரி, நைட்ரஜன் கணக்கு பத்துக்கு ஒன்றுக்குப் பக்கம், ஆக முதல் பந்தியிலேயே இலை வழிய மிஞ்சும். அதை வேகமாக உழுது மண்ணுக்குள் தள்ள வேண்டும், அல்லது குவித்து மண்ணோ மட்டையோ போட்டு மூடி ஆறவிட வேண்டும். கறிக்கோழிப் பண்ணையில் தரையில் நெல் உமியோ தேங்காய் நார்த்தூளோ பரப்பியிருப்பார்கள். அதோடு சேர்ந்து வருவது கொஞ்சம் சாது. நார்த்தூளில் கரி அதிகம், தப்பி ஓடும் அம்மோனியாவில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும். நான் இப்போது கூண்டுக் குப்பையையும் கறிக்கோழிக் குப்பையையும் ஒரே விலைக்குக் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

மலைக்குப் போனால் இந்தக் கணக்கெல்லாம் மெதுவாகிவிடும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டம், அந்தத் தோட்டத்துக்கார அம்மாவுக்கு வருடா வருடம் புழுக்கை கொடுக்கிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, லோடு வண்டியோடு ஏறினால் கடைசி வளைவுக்குள் கிளட்ச் வாசனை மூக்கில் ஏறிவிடும். மேலே சமவெளியைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. பத்து டிகிரி குறைந்தால் நுண்ணுயிர் வேகம் ஏறக்குறைய பாதி. அந்த அம்மா ஒரு தடவை, "கீழ குடுத்த எரு ஒரு மாசத்துல வேல செய்யுதாம், எனக்கு மட்டும் ஏன் பழசைத் தள்ற?" என்றார். பதில் சொல்வதற்குப் பதில் ஒரு காரியம் செய்தேன்.

கொசுவலைத் துணியில் உள்ளங்கை அளவுக்குப் பைகள் தைத்தோம். என் மகள் தைத்தாள், நான் நூல் கோத்தேன். பைக்கு 50 கிராம் காய்ந்த இலை. ஒரு ஜோடியில் கல்யாண முருங்கை, இன்னொரு ஜோடியில் சில்வர் ஓக். ரெண்டும் அந்தத் தோட்டத்து நிழல் மரங்கள்தான். ஒவ்வொன்றிலும் பாதியை மலையில் காபிச் செடிக்கு அடியில், பாதியை என் வீட்டுக் கொல்லையில் நாலு விரல் ஆழத்தில் புதைத்தோம். அறுபது நாள் கழித்துத் தோண்டி, கழுவிக் காயவைத்து, நகைக்கடைக்காரர் பாணியில் எடை போட்டாள் மகள்.

வீட்டுக் கொல்லையில் கல்யாண முருங்கை பையில் காம்பும் நரம்பும்தான் மிச்சம். மலையில் அதே இலை கறுத்துக் கொழகொழத்து, இன்னும் கொஞ்சம் கிடந்தது. சில்வர் ஓக் மலையில் புதைத்த மாதிரியே வந்தது, ஓரம் மட்டும் கறுத்து, அந்த அடிப்பக்க வெள்ளி நிறம்கூடப் போகவில்லை. கீழே வைத்த சில்வர் ஓக் பையைக் கரையான் ஓட்டை போட்டு உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மகள் சேர்க்கலாம் என்றாள்.

கல்யாண முருங்கை பயறு வகைக் குடும்பம், இலையில் நைட்ரஜன் அதிகம், மெல்லிசு. சில்வர் ஓக் இலை தோல் மாதிரி. நைட்ரஜன் குறைவு மட்டுமில்லை, லிக்னின் என்னும் மரச்சத்தும் துவர்ப்புச் சத்தும் நிறைய. லிக்னினைப் பிரிக்கத் தெரிந்த பூஞ்சணங்கள் குறைச்சல், நேரமும் பிடிக்கும். ஆக கரி, நைட்ரஜன் விகிதம் மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கரி எந்தப் பெட்டியில் பூட்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பசுந்தாள் உரமாக வளர்த்து மடக்கி உழும் சணப்புக்கும் இதே கதைதான். பூ எடுக்கும்போது, நாற்பத்தைந்து நாள் வாக்கில் மடக்கினால் ரெண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். இன்னும் கொஞ்சம் தழையட்டும் என்று ஆசைப்பட்டு விட்டால் தண்டு நாராகும். அதில் கயிறு திரிக்கலாம், பயிருக்கு அவசரத்துக்கு உதவாது.

அந்த அம்மா பைகளைப் பார்த்துவிட்டு, சில்வர் ஓக் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை நிறுத்தினார். மெதுவாகக் கரைவது மேலே மூடாக்காகக் கிடக்கட்டும், ஈரமாவது காக்கும். புழுக்கையை மட்டும் நான் ஒரு மாதம் முன்னதாகக் கொண்டுபோகிறேன்.

கோடை மழை பற்றிச் சொல்லாமல் விட்டால் தாத்தா கனவில் வருவார். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது அவர் வாயில் தேய்ந்த பழமொழி. புழுதியில் தங்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேலி செய்ததுண்டு. 1958-ல் கென்யாவில் பர்ச் என்ற மண் விஞ்ஞானி எழுதியதைப் படித்தபிறகு கேலியை நிறுத்திவிட்டேன். நன்றாகக் காய்ந்த மண் திடீரென நனைந்தால் மட்கு சிதைவது குபுக்கென்று எகிறும், கூடவே நைட்ரஜனும் கொட்டும். வெயிலில் செத்த நுண்ணுயிர்களின் உடம்பு, தப்பிப் பிழைத்தவற்றுக்கு விருந்து. சில நாள்தான் அந்தக் கொண்டாட்டம், அப்புறம் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நிலத்தில் வேர் இருந்தால் அதற்கு யோகம். இல்லையென்றால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, அடுத்த பெருமழையில் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்துக்கொள்ளும், நைட்ரேட்டைப் பிடிக்காது. களிமண், நைட்ரேட் ரெண்டுக்கும் ஒரே நெகடிவ் மின்னூட்டம், ஒட்டாது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வெறும் காட்டில் கோழி எருவைக் கொட்டச் சொல்லி வரும் ஆர்டர்களை நான் தள்ளிப்போடச் சொல்வது அதனால்தான். வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று டிரைவர் சொல்கிறான்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். யூரியா கூடாது என்பதால் கடலைப் புண்ணாக்கு என்றார். அதில் நைட்ரஜன் ஏழு சதம், நல்ல சரக்குதான். துண்டு விழுந்த இருபத்தோரு கிலோவையும் அதிலேயே ஈடுகட்ட 300 கிலோ வேண்டும். விலையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கடலமுட்டாயே வாங்கித் தின்னுரலாம்" என்றார். கடைசியில் ஒரு மூட்டை மட்டும் வாங்கி, ஊறவைத்துக் கரைத்து, செடிக்குச் செடி வேரோரம் ஊற்றினார். மிச்சத்துக்குப் பொறுமைதான். நாற்பது நாளுக்கு மேல் குருத்து கரும்பச்சையாகத் திரும்பியது. காய்ப்பு மூன்று வாரம் பிந்தி, தலைவாசல் மார்க்கெட்டில் விலை சரிந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தத் தக்காளியைப் பற்றி இனிமேல் அவரிடம் நான் பேசுவதில்லை.

அடுத்து அதே காட்டில் எரு எதுவும் போடாமல் கத்தரி வைத்தார். வாங்கிய கடனைத் தட்டு திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், என் குப்பையின் பாக்கியும் சேர்ந்திருக்கும். கரும்பச்சையில், இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. நேரில் பார்த்தபோது, "பாத்தியா, அமாவாசைக்கு நட்டேன்" என்றார். நான் மறுக்கவில்லை.

போன மாதம் மறுபடி மக்காச்சோளம் அறுத்தார் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதமாவது விட்டு நடச் சொல்லலாம் என்று நானே போனேன். தட்டைக் காணோம். காட்டு ஓரத்தில் புதிதாக ஒரு கொட்டகை, அதில் ரெண்டு கறவை மாடு, பக்கத்தில் தட்டுப் போர் மலையாக நின்றது. மாமா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்ன மொதப் பந்திய மாட்டு வயித்துலயே வெச்சுட்டேன் மாப்ள. கரிய அது ஏப்பம் விட்டுரும், நமக்குச் சாணி. சரியா?"

சரிதான். வேதியியல் படித்த நானே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டேன். "அப்ப இந்த வருசம் லோடு?" என்றேன். சிரித்தார். எனக்கு வருடத்துக்கு ரெண்டு லோடு போச்சு.

சாணியையும் மூத்திரம் ஊறிய தட்டுச் சக்கையையும் கொட்டகைக்குப் பின்னால் வெட்டவெளியில், வெயிலில் பரத்திப் போட்டிருந்தார். குனிந்து மோந்து பார்த்தேன், லேசாகக் கண் கரித்தது. மண்வெட்டியை வாங்கி, குவித்து, மேலே ரெண்டு கூடை மண் தள்ளி மூடிவிட்டு வந்தேன்.